தாழ்ப்பாளும் சைரனும்

"ஊர்ல வேற ஆளே கிடைக்கலையா உங்களுக்கு? அந்த மனுஷன் கையாலதான் வாங்கணுமா?"

மனைவி சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டாள். பெட்டி துணியில் அழுந்திய வேகத்திலேயே கோபம் தெரிந்தது.

அன்று மாலை கிளப்பில் அவனுக்குப் பிரிவு விழா. பதினான்கு வருஷம் கால்பந்து அணியில் டிஃபெண்டராக ஆடிவிட்டு ஓய்வு பெறுகிறான். ரசிகர்கள் அவனுக்கு வைத்த பெயர் 'தாழ்ப்பாள்'. அவனைத் தாண்டிப் பந்து உள்ளே போவது அவ்வளவு கஷ்டம்.

கண்ணாடிச் சட்டம் போட்ட அவனுடைய ஜெர்சியை யார் கையால் கொடுக்கலாம் என்று கிளப்பில் கேட்டார்கள். அவன் யோசிக்கவே இல்லை.

"சைரன் கையால."

சைரன், அணியின் கோல்கீப்பர். தொண்டை அப்படி. ஆட்டம் தொடங்கியதிலிருந்து முடியும்வரை கத்துவார். அதுவும் தாழ்ப்பாளைப் பார்த்து மட்டும்தான்.

"தடிமாடு! இடது பக்கம் பாருடா!"

"டேய் தூங்குமூஞ்சி! ஒருத்தன் ஓடி வர்றான் பாரு!"

டி.வி.யில் வர்ணனை செய்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மகளின் பள்ளியில் பிள்ளைகள் அதே மாதிரி கத்திக் காட்டி, அவளை அழவிட்டு அனுப்புவார்கள்.

"கோச்கூட உங்களை வாங்க, போங்கன்னுதான் பேசுறார். இவர் மட்டும் ஸ்டேடியம் பூரா கேக்குற மாதிரி எருமைங்கிறார். உங்களுக்கு ரோஷமே கிடையாதா?"

"இருக்கு."

"எங்க? உள்ளே வச்சுத் தாழ்ப்பாள் போட்டுட்டீங்களா?"

அவன் சிரித்துவிட்டான். "கிளம்பு. நேரமாச்சு."

விழா அரங்கில் அவளுக்குக் கிடைத்தது முதல் வரிசை. பக்கத்து நாற்காலியில் சைரன்.

"வணக்கம் தங்கச்சி" என்றார். மைதானத்தில் அலறும் அந்தக் குரல், பக்கத்தில் கேட்டால் கரகரத்துப்போய்க் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

அவள் பதில் வணக்கம் சொல்லவில்லை.

"ஒண்ணு கேக்கணும். புதுசா வந்த டிஃபெண்டரை ஒரு தடவையாவது திட்டியிருக்கீங்களா?"

"இல்லம்மா."

"மத்தவங்களை?"

"இல்ல."

"அப்ப என் வீட்டுக்காரர்தான் இளிச்சவாயா?"

சைரன் தலையைக் குனிந்துகொண்டார்.

"தப்புதான் தங்கச்சி. வாய் அப்படிப் பழகிடுச்சு. மன்னிச்சிடுங்க."

சண்டைக்குத் தயாராக வந்தவளுக்கு, இவ்வளவு சீக்கிரம் மன்னிப்புக் கேட்டதில் சப்பென்று ஆகிவிட்டது. ஆனாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மேடையில் தாழ்ப்பாள் மைக்கைப் பிடித்தான். பேசிப் பழக்கமில்லாதவன். இரண்டு தடவை செருமினான்.

"டிஃபெண்டர் தடுத்த பந்து யாருக்கும் ஞாபகம் இருக்காது. விட்டதுதான் இருக்கும். நான் நிறைய விட்டிருக்கணும். ஏன் விடலைன்னு இன்னிக்காவது சொல்லிடறேன்."

மைக்கைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டான்.

"கல்யாணமான புதுசுல, ஒரு மேட்ச்ல தலையோட தலை மோதிக் கீழே விழுந்தேன். நான் எழுந்துட்டேன். என் இடது காது எழுந்திருக்கலை. இன்னிக்கு வரைக்கும் அதுல ஒரு சத்தமும் கேக்காது."

மனைவியின் கை தானாக வாயைப் பொத்தியது.

"யார்கிட்டயும் மூச்சு விடலை. சொன்னா அடுத்த சீசன் எடுக்க மாட்டாங்களோன்னு பயம். என் மனைவிக்கே தெரியாது. கூப்பிட்டா நான் திரும்பாதது திமிர்னுதான் இவ்வளவு நாளும் நினைச்சிருக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இடது பக்கமா ஒருத்தன் ஓடி வந்தா, காலடிச் சத்தம் எனக்குத் தெரியாது. பக்கத்துல ஆடுறவன் கூப்பிட்டாலும் தெரியாது. ஆனா சைரன் கத்தினா வலது காதுலயே கேக்கும். அவ்வளவு சத்தமா கத்துவார். வெறுமனே கத்திட்டே இருந்தா, இவனுக்கு மட்டும் எதுக்கு இவ்வளவுன்னு பெஞ்சுல இருக்கிறவங்க கேப்பாங்க இல்லையா? அதுக்குத்தான் அந்தத் திட்டு. முன்கோபின்னு கெட்ட பேரை அவர் வாங்கிக்கிட்டார். தாழ்ப்பாள்னு நல்ல பேரை எனக்குக் குடுத்துட்டார்."

"டேய், போதும்டா. இறங்குடா கீழே" என்று முதல் வரிசையிலிருந்து சைரன் உறுமினார். பாதியிலேயே குரல் உடைந்துவிட்டது.

மனைவி எழுந்து அவர் முன்னால் வந்து நின்றாள்.

"வாங்கண்ணா. மேடைக்குப் போகலாம்."

அவர் அசையவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் போனாள். அரங்கமே எழுந்து கைதட்டியது.

சத்தம் அடங்கியதும், விழாவை நடத்தியவர் மைக்கில் கேட்டார்:

"காது விஷயத்தை இவர்கிட்ட மட்டும் எப்ப சொன்னீங்க?"

"சொன்னதே இல்லையே. இவரும் கேட்டதில்ல."

"அப்புறம் இவருக்குத் தெரியும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தாழ்ப்பாள் சைரனின் தோளில் கையைப் போட்டுக்கொண்டான்.

"எருமை, தடிமாடு, தூங்குமூஞ்சின்னு இவர் என்னைத் திட்டாத திட்டே கிடையாது. ஆனா கூப்பிட்டுத் திரும்பாதவனைப் பார்த்து எல்லாரும் முதல்ல கேக்கிற கேள்வி ஒண்ணு இருக்கே, 'காது கேக்கலையாடா?'ன்னு... இத்தனை வருஷத்துல அதை மட்டும் இவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை."