பொருள் கிடைக்கவில்லை

"மறுபடியும் சார்ஜ் இல்லை!"

பேராசிரியை இ-ரீடரை மேசைமேல் டொக்கென்று வைத்தாள்.

"போன வாரந்தானே முழுசா ஏத்தி வெச்சேன்? நீங்க எடுத்தீங்களா?"

கணவர் சட்டையின் மேல் பட்டனைப் போட்டபடி தலையாட்டினார். லிஃப்ட் மெக்கானிக். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் கிரீஸ் போகாது. திரையின் ஓரத்திலும் அந்தக் கறை.

"இது என்ன விளையாட்டுச் சாமானா? படிக்கிறவங்களுக்கானதுங்க."

"இனிமே எடுக்கலைம்மா."

அப்போதுதான் கவனித்தாள். இஸ்திரி போட்ட சட்டை.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"இன்னிக்கு உன் புத்தக வெளியீடாச்சே!"

அவள் கைக்கடிகாரத்தைக் கட்டுவதுபோல் குனிந்துகொண்டாள்.

"துணைவேந்தர் வர்றார். பெரிய பெரிய ஆளுங்க பேசுவாங்க. உங்களுக்கு ஒண்ணும் புரியாது. ரெண்டு மணி நேரம் கொட்டாவி விட்டுக்கிட்டு உக்காந்திருக்கணும், எதுக்கு?"

அவர் "அதுவும் சரிதான்" என்று போட்ட பட்டனைக் கழற்றினார்.

விழாவில் ஐந்து பேர் பேசினார்கள். பெரிய கட்டடங்களைத் துடைத்துப் பெருக்கிப் பழுதுபார்க்கும் தொழிலாளர்களைப் பற்றிய புத்தகம். அவளுடைய ஆறு வருஷ உழைப்பு. "மகத்தான ஆய்வு" என்று தொடங்கிய துணைவேந்தர், முக்கால் மணி நேரம் தன் வெளிநாட்டுப் பயணத்தைச் சொல்லி முடித்தார். கேள்வி நேரத்தில் ஒரு கைகூட உயரவில்லை.

எல்லாரும் போனபிறகு துணைவேந்தரின் நாற்காலியில் ஒரு பிரதி கிடந்தது. பத்து நாள் முன்பே அவள் கொடுத்தனுப்பியது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை.

மத்தியானம் வீட்டுக்கு வந்து இ-ரீடரைச் சார்ஜில் போட்டாள். திரையில் ஒரு பட்டியல் வந்து நின்றது. உள்ளேயிருக்கும் அகராதியில் தேடிய சொற்கள்.

'உழைப்புச்சுரண்டல்: பொருள் கிடைக்கவில்லை.' அடுத்து 'உழைப்பு'. அடுத்து 'சுரண்டல்'.

'தன்மதிப்பிழப்பு: பொருள் கிடைக்கவில்லை.' 'தன்மதிப்பு'. 'இழப்பு'.

'பெயரறுநிலை: பொருள் கிடைக்கவில்லை.' 'பெயர்'. 'அறு'. 'நிலை'.

அவளுக்குச் சுருக்கென்றது. பெயரறுநிலை அவளே உண்டாக்கிய சொல். அவள் புத்தகத்தைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அச்சுக்குப் போகும்முன் பிழை பார்ப்பதற்காகப் புத்தகத்தை இதில் ஏற்றியிருந்தாள்.

பட்டியலைத் தள்ளிக்கொண்டே போனாள். முந்நூறு சொல்லுக்கு மேல் இருந்தது. புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை.

"என் புத்தகத்தைப் படிச்சீங்களா?"

தட்டு கழுவிக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்தபடி வந்தார்.

"படிச்சு முடிக்க நாலு மாசம் ஆச்சும்மா. பெரிய வார்த்தையை முழுசாத் தேடினா வரமாட்டேங்குது. உடைச்சு உடைச்சுத் தேட வேண்டியிருக்கு. அதான் சார்ஜு..." அசடு வழியச் சிரித்தார்.

"ஏங்க எங்கிட்ட சொல்லலை?"

"முடிச்சுட்டுச் சொல்லலாம்னுதான். விழாவுல ஒரு சந்தேகம் கேக்கலாம்னு நெனச்சிருந்தேன்."

"இப்பக் கேளுங்க."

"ஆறாவது அத்தியாயத்துல, வேலை செய்யறவங்க பேரை யாரும் கேக்கறதே இல்லை, அதுதான் பெரிய கொடுமைன்னு எழுதியிருக்க. அத்தனையும் உண்மை. நான் அனுபவிச்சிருக்கேன். ஆனா நீ பார்த்துப் பேசின நாப்பது பேரும் முதல் தொழிலாளி, ரெண்டாம் தொழிலாளின்னுதானே வர்றாங்க?"

"ஆய்வுல பேரைப் போடக் கூடாதுங்க. அது விதி."

"போடக் கூடாது, சரி."

கொஞ்சம் தயங்கிவிட்டு, மெதுவாகத்தான் கேட்டார்.

"நீ கேட்டியாம்மா?"