மாடத்தியின் அட்டை

ஆட்சி மாறியதும் பழைய காப்பீட்டு அட்டைகள் செல்லாமல் போயின. இதய ஆபரேஷனுக்கு வந்த மாடத்தியிடம் பழைய அட்டையை வாங்கிக்கொண்டு, புதுத் திட்டத்துக்குப் படம் எடுத்துப் பதிந்து, "அறிவிப்பு வரட்டும்க்கா" என்று அனுப்பிவைத்தாள் ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் இருந்த செசிலியா.

ஏழு மாதம் கழித்துப் புது அட்டைகள் வந்தன. மாடத்தியின் கணவர் சுடலைமுத்து தனியாக வந்து நின்றார்.

"அக்காவக் கூட்டிட்டு வாங்கண்ணே. அவங்க கைரேகை வச்சாத்தான் தர முடியும்."

"அவ போய் மூணு மாசம் ஆச்சும்மா. அதுல அவ மொகம் இருக்கும்லா? வீட்டுல வேற படம் கெடையாது."

செசிலியா கைரேகை இல்லாமலே, கொடுத்ததாகக் கணினியில் பதிந்து அட்டையை நீட்டினாள்.

அன்று முதல் தினமும் காலையில் அவள் கணினியைத் திறந்ததும் பச்சை எழுத்தில் வருகிறது: 'மாடத்தி, சிகிச்சைக்குத் தகுதி பெற்றவர். உடனே அழைக்கவும்.'