மலையடிவார மனைகள்

எந்தத் தெருவில் வீடு மட்டும், எந்தத் தெருவில் கடை வரலாம், எது பூங்கா, எது பேருந்து நிலையம் என்று ஒரு நகரத்துக்கே அடுத்த இருபது வருடத்துக்கு முடிவு செய்வது என்றால் சும்மாவா? நகரத் திட்ட அதிகாரி ஒரு வருடமாக அந்த வேலையில்தான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்.

ஆனால் அவருடைய தூக்கத்தைக் கெடுத்தது வேலை இல்லை. புதிய திட்டம் இன்னும் வெளியாகவே இல்லை. அதற்குள் அவர் கடைத்தெருவாக்க நினைத்த இடங்களில் எல்லாம் நிலத் தரகர்கள் போர்டு நட்டிருந்தார்கள். அத்தனையும் அவர் பென்சிலால் குறித்து, பீரோவில் வைத்துப் பூட்டிய இடங்கள்.

ஆணையர் கூப்பிட்டு அனுப்பினார். உட்காரக்கூடச் சொல்லவில்லை.

“உங்க ஆபீஸ்ல இருந்துதான் வெளிய போகுது. இந்த மாசக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள்ள அது யாருன்னு எனக்குத் தெரியணும். அந்த ஆளுக்கு அன்னைக்கே வேலை போச்சு. யாருன்னு சொல்லலேன்னா, உங்களுக்குப் போகும்.”

பீரோ பக்கம் போகிறவர்கள் இரண்டே பேர். ஒருவர் வரைபடம் போடும் அம்மா. அதிர்ந்து பேசாதவர், ஆனால் சமீபகாலமாக ஃபோன் வந்தால் ஜன்னல் ஓரமாகப் போய்க் குசுகுசுவென்று பேசுகிறார். இன்னொருவன் டிரைவர். சும்மா இருந்தால் வாய் வலிக்கும் ஜாதி. போதாததற்குப் போன மாதம் புது பைக் வேறு வாங்கியிருக்கிறான். கேட்டால் தவணை என்கிறான். திருடன் வேறு என்ன சொல்வான்?

அதிகாரி ஒரு பொறி வைத்தார். காரில் போகும்போது, ஃபோனில் யாரிடமோ பேசுவதுபோல், புதிய பேருந்து நிலையம் குப்பைமேட்டுக்கு எதிரேதான் என்று டிரைவர் காதில் விழும்படி சொல்லிவைத்தார். அந்த அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, ஊருக்கு வெளியே இருக்கும் சதுப்பு நிலத்தைக் கடைப்பகுதி என்று நிறம் தீட்டச் சொன்னார். இரண்டும் சுத்தப் பொய். புத்தி சுவாதீனமாக உள்ள எவனும் அந்த இரண்டு இடத்திலும் கால் வைக்க மாட்டான். எங்கே போர்டு முளைக்கிறதோ, அந்த ஆள் மாட்டிக்கொண்டார் என்று அர்த்தம்.

மறுநாளிலிருந்து அதிகாரி துப்பறியக் கிளம்பிவிட்டார். ஆபீஸ் காரை நம்ப முடியாதே, சொந்த ஸ்கூட்டர்தான். தலையில் தொப்பி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி.

“ஏங்க, தொப்பிய மாட்டுனா தொப்பை மறைஞ்சிடுமா?” என்று வீட்டுக்காரி வாசல்வரை வந்து கேட்டாள். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். துப்பறிபவர்கள் அப்படித்தான்.

தினமும் காலையில் குப்பைமேட்டில் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஒரு முள்மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தார். பிறகு சதுப்பு நிலத்துக்குப் போய், பேண்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு, ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முதல் வாரம் ஒன்றுமே இல்லை. நல்லவேளை, நம் ஆட்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை என்று அவருக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

இரண்டாவது வாரம் குப்பைமேட்டுக்கு எதிரே பளபளவென்று ஒரு போர்டு நின்றது: ‘மலையடிவார மனைகள்.’

டிரைவர்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சதுப்பு நிலத்துக்குப் போனார். அங்கேயும் ஒன்று: ‘தென்றல் நீர்நிலை நகர். படகுத்துறை வசதி உண்டு.’

அப்படியானால் இரண்டு பேருமா! ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் பெண் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ரத்தம் கொடுத்தவன் அந்த டிரைவர். மூன்று ராத்திரி பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டது அந்த அம்மா. இப்போது இரண்டு பேர் வேலையையும் தன் வாயாலேயே பறிக்க வேண்டும் என்று நினைத்ததும் அவருக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

கடைசி வெள்ளிக்கிழமை வந்தது. இரண்டு குடும்பத்தின் சோற்றில் கை வைக்கும் முன்னால் ஒரு தடவை உறுதி செய்துகொள்வோம் என்று, தொப்பி, கண்ணாடி எதுவும் இல்லாமல், நேராகக் குப்பைமேட்டுக்குப் போனார். குடைக்கு அடியில் உட்கார்ந்திருந்த தரகர் பதறி எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டீ சொல்லட்டுமா என்றும் கேட்டார்.

“டீ எல்லாம் வேணாம். உங்களுக்கு யாரு சொல்றது? அந்த அம்மாவா, டிரைவரா? மறைக்காம சொன்னா உங்கள இதுல இழுக்க மாட்டேன்.”

தரகர் பெருமூச்சு விட்டார்.

“அந்தக் கொடுமைய ஏன் சார் கேக்கறீங்க. அந்த அம்மாவுக்கு நான் ஃபோன் பண்ணாத நாள் இல்ல. இன்னொரு தடவ பண்ணா போலீஸ்தான்னு மெதுவாவே சொல்லி வெச்சிடுறாங்க. டிரைவர் ஊர்க்கதை பூரா பேசறான், ஆபீஸ் கதைன்னா மட்டும் ஊமையாயிடறான். உங்க ஆபீஸ்ல ஒருத்தரும் வாயத் தெறக்க மாட்டேங்கறாங்க சார்.”

“அப்புறம் எப்படி?”

“நேர்ல பாக்காம நீங்க ஒரு கோடுகூடப் போட மாட்டீங்கன்னு எங்க தொழில்ல எல்லாருக்கும் தெரியுமே. அதனால ஒரு வருஷமா உங்க பின்னாடியேதான் சுத்தறோம். ஒரு எடத்துக்கு நீங்க நாலஞ்சு தடவ வந்து நின்னா, நெலத்தப் பேசி முடிச்சு போர்டு வெச்சிடுவோம். இங்க என்னடான்னா தொப்பியெல்லாம் போட்டுக்கிட்டு தெனமும் ஒளிஞ்சு ஒளிஞ்சு வந்து பாத்தீங்க. வெலைய ரெண்டு மடங்கா ஏத்திட்டோம் சார்.”

சாயங்காலம் ஆணையரிடம் சொல்ல வேண்டிய பெயர் அதிகாரிக்கு இப்போது நன்றாகவே தெரிந்துவிட்டது. அவர் பிறந்தபோது அவருடைய அப்பா ஆசை ஆசையாக வைத்த பெயர்.