ஓட மறுத்த டிவிடி

செப்டம்பர் 12, வெள்ளி

டிவிடியில் கீறல் என்று நேற்று எழுதியது என் தவறு. எங்கள் மாலை வகுப்பின் லினக்ஸ் கணினியில் அந்த வீடியோவை ஓட வைக்கும் கோடெக் என்ற மென்பொருள் இல்லை. ஊகமாக எழுதியிருக்கக் கூடாது.

அது தீப்பெட்டி ஆபீஸின் கேமராப் பதிவு. தடையை மீறி உள்ளே செல்போன் கொண்டுபோனதாக என் அக்கா பொன்மணி மேல் புகார். நாளைக் காலை முதலாளி, ஆபீஸை ஒட்டிய இந்த வகுப்பறைக்கே வந்து பார்ப்பார். உண்மையென்றால் அக்காவுக்கு வேலை போய்விடும்.

சூப்பர்வைசர் ஜெயபாண்டி மூன்றாவது தடவையாக எட்டிப் பார்த்தார்.

"ஏட்டி, இன்னுமா ஓடலை?"

"ஓட வச்சிருவேன் அண்ணாச்சி."

"நீ பெரிய விஞ்ஞானி! ஓடலேன்னா விட்டுரு. நோண்டி நோண்டி கம்ப்யூட்டரைக் கெடுத்துராத."

"எங்கக்கா போனே கொண்டுபோக மாட்டா. நீங்க எதுக்குப் பதறுதீங்க?"

விருட்டென்று போய்விட்டார். போனை உள்ளே கொண்டுபோனதே அவர்தானோ என்று சந்தேகப்பட்டேன்.

கோடெக்கை நிறுவினேன். படம் ஓடியது.

அட்டைப்பெட்டி அடுக்குகளுக்குப் பின்னால் அக்கா போனில் சிரித்துப் பேசுகிறாள். அண்ணாச்சி ஓடி வந்து, தலையில் அடித்துக்கொண்டு, அதைப் பிடுங்கித் தன் சட்டைக்குள் ஒளிக்கிறார். பின்னாலேயே முதலாளி வந்து ஏதோ கேட்கிறார். அண்ணாச்சி இல்லை என்று தலையாட்டுகிறார்.

இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். சந்தேகமே இல்லை.

நாளைய வேலை: முதலாளி வருவதற்குள் கோடெக்கை நீக்க வேண்டும்.