வீடுகளைக் கழித்த படம்

"முதல்ல வீட்டையும் மரத்தையும் கழிச்சிடுங்க. அப்புறம்தான் நான் படத்தைப் பார்ப்பேன்."

நில ஆய்வு அலுவலகத்தில் மேடத்தின் நாள் இருபது ஆண்டுகளாக இப்படித்தான் தொடங்கும். விமானத்திலிருந்து லேசர் ஒளி பாய்ச்சி அளந்த படத்தில் கட்டடம், மரம், மதில் யாவற்றையும் கணினி நீக்கிவிட, ஊர்ப் பெயரோ தெருப் பெயரோ இல்லாமல், மேடும் பள்ளமுமாக வெறும் தரை மட்டும் திரையில் எஞ்சும். மண் மனம் திறப்பது அப்போதுதான் என்பார் அவர். விடியுமுன் வந்து, இருட்டிய பின் வீடு திரும்புகிறவருக்கு நாற்காலியே ஊர், திரையே உலகம்.

களப்பணியாளர் ஒருவருக்கு மட்டும் இதில் உடன்பாடில்லை. எதையும் நடந்து போய்த் தொட்டுப் பார்த்தால்தான் அவர் நம்புவார். அலுவலகம் அவருக்கு வைத்திருந்த பெயர் 'நடைவண்டி'.

அன்று காலை திரையில் ஒரு வட்டப் பள்ளம் தெரிந்தது. ஆறு மீட்டர் அகலம், இடுப்பளவு ஆழம். நான்கு மாதங்களுக்கு முந்தைய படத்தில் அது இல்லை. அந்தப் பகுதியின் அடியில் சுண்ணாம்புப் பாறை. மழைநீர் அதைக் கரைத்துக் கரைத்து, திடீரென ஒருநாள் தரை உள்வாங்கிவிடும். மேடம் தயங்கவில்லை. சுற்றியுள்ள பன்னிரண்டு குடும்பங்களும் மாலைக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று அறிவிப்பு தயாரானது.

"ஒரு தடவை நேர்ல பார்த்துடலாம் மேடம். கைக்குழந்தை இருக்கும், படுத்த படுக்கையா யாராவது இருப்பாங்க. பாவம்" என்றார் நடைவண்டி.

"உங்க கால் போய்ச் சேர்றதுக்குள்ள செயற்கைக்கோள் உலகத்தையே ரெண்டு சுத்து சுத்திடும்."

அறையே சிரித்தது. நடைவண்டியின் முகம் தொங்கிப்போயிற்று.

அந்நேரம் மேடத்தின் கைபேசி ஒலித்தது. வீட்டிலிருந்து கணவர். பதினைந்து நாளாகத் தேநீர் வேளையில் தவறாமல் வரும் அழைப்பு. இந்த வேலை முடியட்டும், வந்து பார்க்கிறேன் என்று வழக்கமான பதிலைச் சொல்லி வைத்துவிட்டார்.

அறிவிப்பை அதிகாரியே நேரில் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஆகவே களப்பிரிவு ஜீப்பில் மேடம் முதன்முறையாக ஏறினார். பள்ளம் இருக்கும் இடத்தைக் கருவியில் குறித்துக்கொண்டு, அது சொன்ன வழியில் ஓட்டுநர் வண்டியை விட்டார். பாலம் தாண்டியதும் மேடத்தின் பேச்சு குறைந்தது. தபால் நிலையம் தாண்டியதும் நின்றேபோயிற்று. அந்தக் குடும்பங்களை நினைத்து மனம் இளகிவிட்டது போலும் என்று எண்ணிக்கொண்டார் நடைவண்டி.

"அடுத்த இடது" என்றார் மேடம் மெல்ல.

"மெஷின் வாயைத் திறக்கறதுக்குள்ள நீங்க சொல்லிட்டீங்களே மேடம்" என்று வியந்தார் ஓட்டுநர்.

கருவி நிற்கச் சொன்ன வீட்டின் இரும்புக் கதவு பூட்டியிருந்தது. பின்புறத்தில் மண்வெட்டிச் சத்தம். நடைவண்டி மூன்று முறை கூப்பிட்டும் பதிலில்லை. ஓட்டுநர் ஏறிக் குதிக்க ஆயத்தமானார்.

"இருங்க" என்ற மேடம், தம் கைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்தார்.

கொல்லையில், வட்டக் குழிக்குள் நின்றிருந்தவர் முகமெல்லாம் மலர நிமிர்ந்தார். "ஒருவழியா நேரம் கிடைச்சுதா? நீ ஆசைப்பட்ட அல்லிக்குளம்தான் இது. வந்து பாரு, வந்து பாருன்னு பதினஞ்சு நாளா கூப்பிடறேன்."

மேடம் செருப்பைக் கழற்றிவிட்டுக் குழிக்குள் இறங்கி, கணவரின் மண் படிந்த கையைப் பற்றிக்கொண்டார். பிறகு மேலே நின்ற நடைவண்டியிடம் அறிவிப்புத் தாள்களை நீட்டினார்.

"காலையில நான் பேசினது தப்பு, மன்னிச்சிடுங்க சார். இதையெல்லாம் கிழிச்சிடுங்க. இனிமே முதல்ல நீங்க நடந்து போய்ப் பார்த்துட்டு வாங்க. அப்புறம்தான் நான் படத்தைப் பார்ப்பேன்."