ஜன்னல் சார்

"பெரிய ஊர்க்காரன் உன்கிட்ட பேசும்போது அவன் கண்ணு எங்கே போகுதுன்னு பாரு..." என்று பெரியப்பா சொல்வார். அதற்கு மேலும் ஏதோ சொல்வார். அந்த மீதி, பொறுப்பாளருக்கு மறந்துவிட்டது. ஞாபகம் இருந்த பாதியே போதும் என்ற கோபத்தில்தான் காலையில் பஸ் ஏறியிருந்தார்.

பல்கலைக்கழகத்தின் கிளை வளாகத்தில் புள்ளியியல் வகுப்புக்கு அவர்தான் பொறுப்பு. பாடம் நடத்துவது அவர் இல்லை. தலைமை வளாகத்தில் வயதான பேராசிரியர் ஒருவர் அங்குள்ள மாணவர்களுக்கு நடத்துவார். அதே பாடம் கிளையில் திரையில் ஓடும்.

திரையில் தெரிவது பெரும்பாலும் பேராசிரியரின் ஒரு காது மட்டும்தான்.

"எப்பப் பாரு ஜன்னலையே பார்க்கிறார் சார்," என்றாள் வகுப்புத் தலைவி. "முகத்துல வெளிச்சம் அடிக்குது பாருங்க. நம்மள மனுஷனாவே மதிக்கல."

பேரே 'ஜன்னல் சார்' ஆகிவிட்டது.

"அதோட, எல்லாத்தையும் மூணு தடவை சொல்றார். கிளைன்னா மக்குன்னு முடிவே கட்டிட்டார்."

"மரத்துக்கு ஊத்தின தண்ணியில மிச்சம் மீதிதான் கிளைக்கு!" என்றான் பின்னாலிருந்து ஒருவன். வகுப்பே சிரித்தது. பொறுப்பாளருக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் கிளை இருக்கும் அதே ஊர்தான்.

பேராசிரியர் ஓய்வு பெற்றவர். இன்னொரு வருடம் நீட்டிப்பதா வேண்டாமா என்று டீன் இன்று முடிவு செய்கிறார். கிளையின் கருத்தையும் நேரில் கேட்பதாகச் சொல்லியிருந்தார்.

"வேண்டாம்னு அடிச்சுச் சொல்லிட்டு வாங்க சார். நம்ம ஊர்க்காரர் ஒருத்தரைப் போடட்டும்."

"சொல்லாம வரமாட்டேன்," என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

டீனைப் பார்க்க இன்னும் நேரம் இருந்தது. அப்படி என்னதான் தெரிகிறது அந்த ஜன்னலில்? பார்த்துவிடலாம் என்று வகுப்பு நடக்கும் அரங்கத்தில் நுழைந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அந்த அரங்கத்துக்குள் அவர் இதுவரை வந்ததே இல்லை.

பேராசிரியர் வழக்கம்போலத் திரும்பி நின்று பேசிக்கொண்டிருந்தார். பொறுப்பாளர் எட்டிப் பார்த்தார்.

அந்தப் பக்கம் ஜன்னலே இல்லை.

சுவரோரம் பெரிய டிவி ஒன்று இருந்தது. அது நிறைய கிளை வகுப்புப் பிள்ளைகளின் முகங்கள். வகுப்புத் தலைவி பேனா மூடியைக் கடித்தபடி நெற்றியைச் சுருக்கினாள்.

பேராசிரியர் நிறுத்தினார். "சரி, இதையே வேற மாதிரி சொல்றேன்." பலகைக்குப் போனார். மறுபடி முதலிலிருந்து.

"ஆரம்பிச்சுட்டார்," என்று முனகினான் பக்கத்தில் இருந்த மாணவன். "நீங்க கிளையா சார்? கொடுத்து வச்சவங்க. கிளாஸ் உங்க ஆளுங்களுக்குத்தான். நாங்க சாரோட முதுகைப் பார்த்தே பாஸ் பண்ணணும்."

வகுப்பு முடிந்ததும் பொறுப்பாளர் தயங்கித் தயங்கி முன்னால் போனார். தன்னை அறிமுகம் செய்துகொள்ள வாயைத் திறப்பதற்குள் பேராசிரியரே முந்திக்கொண்டார்.

"வாங்க வாங்க! அங்கே கதவுப் பக்கம் உட்கார்றவர்தானே? போன வாரம் தும்மிக்கிட்டே இருந்தீங்க. சளி தேவலையா?"

"தேவலை சார்," என்றார்.

"அந்தப் பேனா கடிக்கிற பொண்ணுக்குக் கடைசியில புரிஞ்சுதா? பாதி புரிஞ்ச மாதிரிதான் இருந்தது."

"சார், புரியலைன்னா அவங்களே கேட்கலாமே? மைக் இருக்கே."

"அதே பொண்ணுதான் முதல் வாரம் கேட்டுச்சு. அது பேசின விதத்தைக் கேட்டு இங்கே ரெண்டு பேர் சிரிச்சாங்க. அதோட சரி, அங்கேயிருந்து ஒரு கேள்வி வரல. எனக்கு அவங்க மூஞ்சியை விட்டா வேற வழி?"

"டிவியைக் காமிராவுக்குக் கீழே வச்சுட்டா, நீங்க எங்களைப் பார்க்கிறது எங்களுக்கும் தெரியுமே?"

"வச்சுப் பார்த்தேன். அங்கே வெயில் நேரா விழுது. யார் மூஞ்சியும் தெரியல."

"அப்ப இந்த விஷயத்தைப் பசங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார்."

பேராசிரியர் பதறிப்போனார். "ஐயையோ, நீங்களும் சொல்லிடாதீங்க! தெரிஞ்சா அடுத்த வாரமே போட்டோ எடுக்கிற மாதிரி விறைச்சு உட்காருவாங்க. உங்க ஊர்க்காரங்க ரோஷக்காரங்க. ஒருத்தனும் நெத்தியைச் சுருக்க மாட்டான். அப்புறம் நான் எதைப் பார்த்து நடத்துறது?"

"உங்களைத் தப்பா நினைக்கிறாங்க சார்."

"தெரியும்," என்று சிரித்தார் பேராசிரியர். "அதுவும் அதே மூஞ்சியிலதானே எழுதி ஒட்டியிருக்கு!"

டீனின் அறையில் பொறுப்பாளர் உட்காரக்கூட இல்லை.

"உங்க கிளை என்ன சொல்லுது?" என்றார் டீன்.

"இவரே இருக்கட்டும் சார். வேற யாரும் வேண்டாம்."

வெளியே வந்து படி இறங்குவதற்குள் போன் அடித்தது. வகுப்புத் தலைவி. பின்னால் மொத்த வகுப்பின் சத்தமும் கேட்டது.

"சொல்லிட்டீங்களா சார்? என்ன சொன்னீங்க?"

பொறுப்பாளர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"இல்லம்மா. டீனைப் பார்த்ததும் பயந்துட்டேன், வாயே வரல," என்றார். "இன்னும் ஒரு வருஷம் ஜன்னல் சார்தான்."