இடது சட்டை, வலது சட்டை

"எது யார் தைச்சதுன்னு என் காதுல விழவே கூடாது. விழுந்துச்சுன்னா நியாயம் அந்த நிமிஷமே செத்துச்சு!" என்றார் தையற்காரர்.

கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே கம்பியில் இரண்டு வெள்ளைச் சட்டைகள் தொங்கின. மாப்பிள்ளை கணக்கில் ஒன்று, மைத்துனன் கணக்கில் ஒன்று. கொண்டுவந்து மாட்டியவள் தையற்காரரின் மனைவி. எது யாருடையது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

விஷயம் இதுதான். தையற்காரருக்கு முதுகு போய்விட்டது. கடைச் சாவியை யாரிடமாவது கொடுத்துவிட்டு ஓய்ந்து உட்கார வேண்டும். மாப்பிள்ளைக்குக் கொடுக்காவிட்டால், இனி இந்த வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்று மகள் சொல்லிவிட்டாள். மனைவியின் தம்பிக்குக் கொடுக்காவிட்டாலோ, அவன் இந்தக் கடையில் மாடாய் உழைத்த கதையைச் சாகும்வரை கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

வேறு யாராவதென்றால் சீட்டுக் குலுக்கிப் போட்டிருப்பார்கள். இவர் நியாயஸ்தர். அப்படி அவரைச் சொல்பவர் அவர் ஒருவர்தான் என்பது வேறு விஷயம். ஒரே துணியில், ஒரே அளவில், தானே இரண்டு சட்டைக்கு வெட்டி ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டார். வீட்டுக்குக் கொண்டுபோய்த் தைக்க வேண்டும். நன்றாகத் தைத்தவருக்குச் சாவி.

"ஏங்க, அப்புறம் பேச்சு மாற மாட்டீங்களே?" என்றாள் மனைவி. அவளும் வீட்டில் இருந்தபடியே கடைக்குப் பட்டன் காஜா எடுப்பாள், சட்டைக் கை மடித்துத் தைப்பாள். அவளுக்குப் பொழுது போக வேண்டுமே என்பார் இவர்.

"நானா மாறுவேன்? ஆளைப் பார்க்க மாட்டேன், தையலைத்தான் பார்ப்பேன். கழுதையே தைச்சிருந்தாலும் சாவி கழுதைக்குத்தான்!"

மாப்பிள்ளை லேசாக இருமினார். "மாமா, வெளிச்சம் கம்மியா இருக்கே. நாளைக்கு வச்சுக்கலாமே?"

"நியாயத்தைத் தள்ளிப் போடுறதும் அநியாயந்தான் மாப்பிள்ளை."

"ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு அத்தான்?" என்று மைத்துனன் இழுத்தான்.

"உன் கண்ணுக்கு அப்படித்தாண்டா தெரியும்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலில் வலது சட்டையை எடுத்தார். உள்பக்கத்தைத் திருப்பினார். விரலால் தையலை மெல்லத் தடவிக்கொண்டே போனவரின் முகம் மாறியது.

"அடேயப்பா! காலர் முனை ரெண்டும் இரட்டைப் பிள்ளைங்க மாதிரி இருக்கு. காஜாவுல ஒரு பிசிறு இல்ல. ஒரே மூச்சுல, மனசு நிம்மதியா உட்கார்ந்து தைச்சிருக்கான்யா! பொய் சொல்லக் கூடாது, நானே இப்படித் தைச்சதில்ல."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவருக்கு வயிறு கொஞ்சம் எரியத்தான் செய்தது. ஆனாலும் சொன்னார். நியாயஸ்தர் அல்லவா?

அடுத்து இடது சட்டை. பார்த்த மாத்திரத்தில் மூக்கைச் சுளித்தார்.

"இது என்ன கூத்து? கையில தையல் விட்டு விட்டு ஓடுது. நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து போயிருக்கான். வந்து உட்கார்ந்து, மறுபடி எழுந்து போயிருக்கான். இங்க பாருங்க, இந்தப் பட்டனைக் கோபத்துல வச்சிருக்கான். ஒரு இடத்துல நிம்மதியா உட்காராதவன் கையில கடையைக் கொடுத்தா வெளங்கிடும்! இவன்கூடக் குடும்பம் நடத்துற ஜீவனை நினைச்சாத்தான் எனக்குப் பாவமா இருக்கு."

மனைவி தொண்டையைச் செருமினாள்.

மாப்பிள்ளை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மைத்துனன் தன் கால் கட்டைவிரலை ஆராய்ந்துகொண்டிருந்தான். யார் முகத்திலும் ஜெயித்த களையும் இல்லை, தோற்ற வாட்டமும் இல்லை. நிறைகுடம் தளும்பாது என்று தையற்காரர் நினைத்துக்கொண்டார். குடம் எதுவென்றுதான் தெரியவில்லை.

இடுப்பிலிருந்து சாவியை எடுத்து உயர்த்திப் பிடித்தார். எத்தனை வருஷத்துச் சாவி!

"வலது சட்டைதான் ஜெயிச்சது. மகள் கோபிச்சாலும் சரி, மச்சான் கோபிச்சாலும் சரி, என் தீர்ப்புல மாற்றமில்ல. இதைத் தைச்ச கை முன்னால வரட்டும்!"

யாரும் அசையவில்லை. மாப்பிள்ளை மாமியாரைப் பார்த்தார். மைத்துனன் அக்காவைப் பார்த்தான். இருவரும் அவளைப் பார்ப்பதை இருவருமே கவனித்துவிட்டு, அவசரமாக வேறு பக்கம் திரும்பினார்கள்.

மனைவி எழுந்து வந்தாள். அவர் கையிலிருந்த சாவியை வாங்கினாள்.

"நீ வாங்கி யார்கிட்ட கொடுக்கப் போற? ஆளைச் சொல்லு."

"யார்கிட்டயும் இல்ல. தைச்ச கை இதுதான்."

தையற்காரர் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார். "அப்ப... அந்த இடது சட்டை?"

"அதையும் நான்தான் தைச்சேன். ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர் வந்து, தைச்சுக் கொடுன்னு கெஞ்சினா என்ன பண்றது?" என்றவள், சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்: "வலது சட்டை, நீங்க உங்க தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்த அன்னிக்குத் தைச்சது. இடது சட்டை, நீங்க வீட்டுல இருந்த அன்னிக்கு."